தலைப்பிறை இவ்வளவு பெருசாவா இருக்கும்?

தொண்டி_தம்பி | 1 மார்ச் 2025, இரவு 9:40

அஸ்ஸலாமு அலைக்கும். மத்ஹபுச் சண்டை, இயக்கச் சண்டை இழுக்கிறதுக்காக இதைப் போடலை. மனசுல ஒரு குடைச்சல், அதான்.

இன்னிக்கு மஃரிப் தொழுதுட்டு வெளியே வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு நிமிர்ந்தா மேக்கே பிறை. பக்கத்துல வெள்ளி பளபளன்னு. தேடவே வேண்டியதில்லை, சின்னப் பிள்ளைங்ககூட கையைக் காட்டுதுங்க. இஷா பாங்கு சொல்ற நேரத்துக்கும் மறையாம நின்னுச்சு. பள்ளியில நாளைக்குக் கஞ்சி காய்ச்ச அண்டா கழுவிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் அண்ணாந்து பார்த்துட்டு, "இது தலைப்பிறையே இல்லடா, ரெண்டாம் பிறை. நேத்து பார்க்காம விட்டுட்டு நமக்கு ஒரு நோன்பைக் காலி பண்ணிட்டானுங்க"ன்னு சொல்லிட்டார்.

அதுக்கு ஏத்த மாதிரி வீட்டுல தொங்குற தினக் காலண்டர்ல 27ந்தேதி அமாவாசைன்னு போட்டிருக்கு. அப்ப 28 வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிறை இருந்திருக்கணுமா இல்லையா? தம்மாம்ல இருக்கிற மச்சான் இன்னிக்கே முதல் நோன்பைத் திறந்துட்டு வாட்ஸ்அப்ல பேரீச்சம்பழத் தட்டைப் படம் எடுத்து அனுப்புறார். எங்க தெருவுலயே ரெண்டு வீடு சவூதி கணக்குல ஆரம்பிச்சாச்சு.

இவ்வளவு பெரிய பிறை முதல் பிறையா இருக்க முடியுமா? நாளைக்கு வைக்கிறது நமக்கு ஒண்ணா, ரெண்டா?

பொறுமை_பாய் | 1 மார்ச் 2025, இரவு 9:58

தலைமை காஜி அறிவிச்சாச்சு, நாளைக்கு ஒண்ணு. தராவீஹ் தொழுதீங்களா? சஹருக்கு அலாரம் வைங்க. மத்ததைப் பெருநாளைக்கு அப்புறம் பேசலாம்.

கீழக்கரை_மாலுமி | 1 மார்ச் 2025, இரவு 11:20

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. அண்டா கழுவின பெரியவரைக் குத்தம் சொல்லாதீங்க. இது ஸஹாபாக்கள் காலத்துலயே வந்த சந்தேகம்தான். உம்ராவுக்குக் கிளம்பின ஒரு கூட்டம் பத்னு நக்லாங்கிற இடத்துல இறங்கினப்ப பிறையைப் பார்க்குது. இது மூணாம் பிறைன்னு சிலர், ரெண்டாம் பிறைன்னு சிலர். இப்னு அப்பாஸ் (ரலி) அவங்ககிட்ட போய்ச் சொன்னப்ப அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: எந்த ராத்திரி பார்த்தீங்க? இன்ன ராத்திரின்னாங்க. அப்ப அது அந்த ராத்திரிப் பிறைதான்னு முடிச்சுட்டாங்க. ஸஹீஹ் முஸ்லிம்ல நோன்புப் பாடத்துல இருக்கு.

மார்க்கத் தீர்ப்பு அத்தோட சரி. ஏன் பெருசா இருந்துச்சுங்கிறது வானக் கணக்கு. அதைக் கொஞ்சம் நான் சொல்லலாம். கப்பல் பிரிட்ஜ்ல நின்னு செக்ஸ்டன்ட் (வானத்துல கோணம் அளக்கிற கருவி) பிடிச்சு சோறு தின்னவன் நான். இப்ப ஊர்ல பிறை 29ன்னா பள்ளி மாடிக்கு ஏறுற நாலஞ்சு பேர்ல ஒருத்தன்.

உங்க காலண்டர் பொய் சொல்லலை. தாளைத் திருப்பி சின்ன எழுத்தைப் பாருங்க. அமாவாசைத் திதி 27 காலையில ஆரம்பிச்சு, 28 வெள்ளி காலை 6:14 வரைக்கும் இருந்திருக்கும். அந்தத் திதி முடியுற நொடிதான் சந்திரன் சூரியனைத் தாண்டுற நொடி. கப்பல்ல நாங்க வச்சுப் பார்க்கிற வானியல் அட்டவணையிலும் அதே நேரம்தான், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன. அதாவது பிறைக்கு வயசு எண்ணத் தொடங்குறதே வெள்ளிக்கிழமை காலையில சுபுஹு முடிஞ்சு டீ குடிக்கிற நேரத்துலதான்.

அன்னிக்கு நம்ம பக்கம் சூரியன் அடைஞ்சது 6:25. பிறைக்கு அப்ப வயசு 12 மணி நேரம். சூரியனுக்கும் அதுக்கும் இடைவெளி சுமார் ஏழு பாகை (டிகிரி). கையை நேரா நீட்டி முஷ்டி பிடிச்சீங்கன்னா அந்த முஷ்டி அகலம் வானத்துல பத்து பாகை. ஏழுங்கிறது முஷ்டிக்கும் உள்ளே. அதுவும் சூரியன் இறங்கின நிமிஷத்துக் கணக்கு. வானம் கொஞ்சம் இருட்டினாத்தானே நூல் மாதிரி இருக்கிறது தெரியும்? இருட்டுறதுக்குள்ள அது அடிவானப் புழுதிக்குள்ள போயிரும். 1930கள்ல டான்ஜோன்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார், இடைவெளி ஏழு பாகைக்குக் குறைஞ்சா கண்ணுக்குப் பிறைன்னு ஒண்ணு அமையாதுன்னு. வெறுங்கண்ணால பார்த்த ஆகச் சின்னப் பிறைன்னு வானியல்காரங்க குறிச்சு வச்சிருக்கிறதே ஏறக்குறைய 15 மணி நேரப் பிறைதான். அதுவும் மலை உச்சியில, கண்ணாடி மாதிரி வானத்துல. நம்ம 12 மணி நேரப் பிறையை யாரும் "பார்க்காம விடலை". பார்க்க முடியாதது அது.

நேத்து மாடிக்கு ஏறினோம். மோதினார் கதவைத் திறந்துவிட்டார், நான் காம்பஸை கைப்பிடிச் சுவர்ல வச்சு, சூரியன் இறங்கின இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம்னு திசை குறிச்சேன். பசங்க மொபைல் டார்ச்சை அணைக்கவே மாட்டேங்கிறானுங்க, அதுல கண்ணு கூசி எவனுக்கும் ஒண்ணும் தெரியாது, அதை அணைக்க வைக்கிறதே பாதி வேலை. ஏழெட்டு நிமிஷத்துல ஒரு பையன் "அந்தா, அந்தா"ன்னு குதிச்சான். பனைமரத்துக்கு மேல பொன்னிறத்துல ஒரு வளைஞ்ச கோடு. "கொம்பு எந்தப் பக்கம் இருக்கு?"ன்னேன். "கீழ பார்த்து"ன்னான். இந்த மாசத்துல நம்ம ஊர்ல தலைப்பிறை தோணி மாதிரி மல்லாந்துதான் கிடக்கும், கொம்பு ரெண்டும் மேலே. சூரியன் இறங்கின பக்கம்தானே வெளிச்சம் விழும்? அவன் பார்த்தது விமானம் போன புகைக்கோடு, கீழேயிருந்து வெயில் பட்டு மின்னுது. ரெண்டு நிமிஷத்துல அதுவே கலைஞ்சு அகலமாயிருச்சு. இதையே கீழ போய் "பிறை பார்த்தேன்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா என்ன ஆகும்? சாட்சியை மடக்கிக் கேட்கணும்னு சொல்றது இதுக்குத்தான். அனஸ் (ரலி) அவங்க வயசான காலத்துல பிறை தெரியுதுன்னு சொல்ல, காஜி இயாஸ் அவங்க புருவத்துல தொங்கின நரைமுடியை ஒதுக்கிவிட்டு "இப்ப தெரியுதா?"ன்னு கேட்டதா ஒரு பழைய சம்பவம் சொல்லுவாங்க. ஸஹாபியையே அப்படிக் கேட்டிருக்காங்க.

சரி, இன்னிக்கு வாங்க. அதே பிறைக்கு இன்னிக்கு வயசு 36 மணி நேரம். இடைவெளி இருபது பாகைக்கிட்ட, ரெண்டு முஷ்டி. மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல வானத்துல நிக்கும், பருமனாத்தான் தெரியும். 12க்கும் 36க்கும் நடுவுல நமக்கு இன்னொரு சூரிய அஸ்தமனம் கிடையாது தம்பி. 12ல தெரியாட்டி 36லதான். போதாக்குறைக்கு சந்திரன் இப்ப பூமிக்குப் பக்கத்துல வந்திருக்கு. பக்கத்துல வந்தா வேகமா ஓடும். சூரியனை விட்டு சராசரியா நாளைக்கு 12 பாகை விலகும், இந்த வாரம் 13, 14 பாகை ஓடுது. சில மாசம் தலைப்பிறை 20 மணி நேரத்துல நூலாத் தெரியும், சில மாசம் 40 மணி நேரத்துல கொழுத்து வரும். ரெண்டும் தலைப்பிறைதான். இன்னிக்குப் பருமனை வச்சு நேத்து தெரிஞ்சிருக்கும்னு சொல்ல எந்தக் கணக்கும் இல்லை.

தம்மாம் மச்சான் விஷயம். மக்கா நமக்கு மேற்கே நாப்பது பாகை கிட்ட இருக்கு. அங்க சூரியன் அடையறது நமக்கு ரெண்டரை மணி நேரம் கழிச்சு. அதுக்குள்ள பிறை இன்னும் ஒண்ணரை பாகை விலகியிருக்கும். நமக்கு ஏழா இருந்தது அங்க எட்டரை ஆகும். எல்லையில நிக்கிற பிறைக்கு அந்த ஒண்ணரை பாகையே பெருசு. பாலைவனக் காத்துல நல்ல கருவி வச்சா எட்டலாம். அதனால அவங்களுக்கு இன்னிக்கு, நமக்கு நாளைக்கு, ரெண்டும் சரியா இருக்க இடமிருக்கு. குரைப்னு ஒருத்தர் ஷாம்ல (சிரியா பக்கம்) வெள்ளி ராத்திரி பார்த்துட்டு மதீனா வந்து சொன்னப்ப, நாங்க சனி ராத்திரிதான் பார்த்தோம், முப்பதை முடிப்போம், இல்லாட்டி பிறையைப் பார்ப்போம்னு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது இதே மாதிரி ஒரு மாசத்துலதான். நாங்க ஷாஃபிஈ மத்ஹபு, எங்க ஊர்ல இந்த ஹதீஸைப் பிடிச்சுத்தான் அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் வானம்னு வைப்போம். ஹனஃபிகள்ல இதுக்கு வேற பேச்சு உண்டு.

நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு. நிம்மதியாப் படுங்க.

கணக்கே_துணை | 2 மார்ச் 2025, காலை 6:05

மாலுமி காக்கா நல்லாத்தான் விளக்கியிருக்கீங்க. ஆனா நிமிஷக் கணக்கா அமாவாசையைச் சொல்ல முடியுது, பாகைக் கணக்கா இடைவெளியைச் சொல்ல முடியுது, அப்புறமும் எதுக்கு மாடியும் டார்ச்சும்? தொழுகை நேரத்துக்கு யாராவது குச்சி நட்டு நிழல் அளக்கிறோமா? துருக்கி 1978 இஸ்தான்புல் மாநாட்டுக்கு அப்புறம் கணக்குலயே போகுது: உலகத்துல எங்கயாவது எட்டு பாகை இடைவெளி, அஞ்சு பாகை உயரம் வந்தா மாசம் பிறந்தது. வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2006லயே கணக்குக்கு வந்துட்டாங்க. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் எல்லாம் மூணு பாகை உயரம், 6.4 பாகை இடைவெளின்னு ஒரே அளவுகோலை எடுத்திருக்காங்க. 2013 ஜூலை 8 அன்னிக்கு தியரி லெகோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சரியா அமாவாசை நொடியிலேயே பட்டப்பகல்ல பிறையைப் படம் பிடிச்சார். அப்ப டான்ஜோன் எல்லையும் போச்சே? அடுத்த நூறு வருஷக் காலண்டரை இன்னிக்கே அச்சடிக்கலாம். பெருநாள் லீவு எந்த நாள்னு மேனேஜர்கிட்ட தயங்கித் தயங்கி நிக்க வேண்டியதில்லை.

கீழக்கரை_மாலுமி | 2 மார்ச் 2025, மாலை 4:30

லீவு விஷயத்துல உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ரெண்டு நாளுக்கும் லீவு சொல்லிட்டு ஒரு நாளை வாபஸ் வாங்குற பிள்ளைங்க எங்க வீட்லயும் இருக்கு.

லெகோ எடுத்த படம் கண்ணால பார்த்ததில்லை. அகச்சிவப்பு வடிகட்டி போட்டு, சூரிய வெளிச்சம் குழாய்க்குள்ள விழாம மறைப்பு கட்டி, படத்தைக் கணினியில தேய்த்து எடுத்தது. அது ஒரு சாதனை, மறுக்கலை. "பார்த்து நோன்பு வையுங்கள்"னு சொன்னதுல அது வருமாங்கிறதை ஆலிம்சாக்கள் பேசட்டும்.

ஆனா உங்க பட்டியலையே கவனிங்க. துருக்கிக்கு எட்டும் அஞ்சும், அதுவும் உலகத்துல எங்கயாவது. மலேசியாவுக்கு மூணும் 6.4உம், அவங்க ஊர்ல. சவூதியோட உம்முல் குரா காலண்டருக்கு மக்காவில சூரியன் அடையறதுக்கு முன்னாடி அமாவாசை முடிஞ்சிருக்கணும், சூரியனுக்குப் பின்னாடி சந்திரன் அடையணும், அவ்வளவுதான். தெரியணும்கிற கட்டாயமே இல்லை. சந்திரன் எங்கே நிக்குதுன்னு கணக்கு ஒரே பதில்தான் சொல்லுது. எந்தப் பாகையில மாசம் பிறக்குதுன்னு கோடு கிழிக்கிறது மனுஷன். கோடு நாலு இருந்தா காலண்டரும் நாலு. கணக்குக்குப் போயிட்டா சண்டை தீர்ந்துரும்னு மட்டும் சொல்லாதீங்க.

நான் கணக்குக்கு விரோதி இல்லை. என் கட்சி இதுதான்: எப்ப, எந்தத் திசையில, எவ்வளவு உயரத்துல பார்க்கணும்னு கணக்கு சொல்லட்டும். இருக்கவே முடியாத பிறையை ஒருத்தன் பார்த்தேன்னு வந்தா, அவனைத் திருப்பி அனுப்புறதும் கணக்கு செய்யட்டும். எங்க மத்ஹபுல இமாம் தகிய்யுத்தீன் சுப்கி ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டுலயே அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க: பிறை தெரிய வாய்ப்பே இல்லைன்னு கணக்கு உறுதியாச் சொல்றப்ப, சாட்சி சொன்னாலும் ஏத்துக்கக் கூடாது. "பார்த்தேன்"ங்கிறதை மட்டும் கண்ணு சொல்லணும்.

பேருவளை_ராத்தா | 2 மார்ச் 2025, இரவு 8:15

எங்களுக்கும் இன்று தலை நோன்பு. இலங்கையில் இந்தத் தலைமாடு கால்மாடு கொஞ்சம் குறைவு. ஏனென்றால் ரமழானுக்கு மட்டும் கூடுவதில்லை; மாதா மாதம் பிறை 29 அன்று மஃரிபோடு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை மாநாடு நடக்கும். ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய திணைக்களம் எல்லாரும் இருப்பார்கள், பிறகு வானொலியில் சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த அறிவித்தல் வரும்வரை உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டையை உடைக்கவே மாட்டா.

சண்டை இல்லை என்று சொல்லவும் மாட்டேன். 2013 நோன்புப் பெருநாளுக்கு கிண்ணியாவில் கண்டதாகச் சொன்ன பிறையைக் கொழும்பில் ஏற்காமல் விட்டது எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஓயவில்லை. எங்கட நாநா (அண்ணன்) கிண்ணியாவில் பெண் எடுத்தவர்!

கீழக்கரை_மாலுமி | 2 மார்ச் 2025, இரவு 10:50

தங்கச்சி சொன்ன "மாதா மாதம்"கிறதுதான் விஷயமே. மொராக்கோவிலும் பன்னிரண்டு மாசமும் 29ல ஆளை நிறுத்திப் பார்க்கிறாங்க. நம்ம ஊர்ல ரஜபு 29க்கு மாடிக்கு வாங்கன்னா எவனும் வரமாட்டான். ரமலான் பிறைக்கு மட்டும் கல்யாண வீடு மாதிரி கூட்டம். ரமலானுக்கு முந்தின மாசம் ஷஃபான், அது எந்த நாள் பிறந்துச்சுன்னு சரியாத் தெரியாதவனுக்கு ஷஃபான் 29 எதுன்னு எப்படித் தெரியும்? இந்த வருஷம் ஜனவரி 30 சாயங்காலம் ஷஃபான் பிறை 24 மணி நேர வயசுல நல்லாவே நின்னுச்சு, அதனால பராஅத்து ராத்திரி பிப்ரவரி 13, ஷஃபான் 29 பிப்ரவரி 28 என்பதுல குழப்பம் வரலை.

2013 ஆகஸ்ட் 7 கிண்ணியா பிறைக்கு அன்னிக்கு வயசு 15 மணி நேரம். அதுக்கு மேல நான் பேசினா உங்க நாநா என் மேல கோவிச்சுக்குவார்.

கோட்டாறு_கடை | 3 மார்ச் 2025, பிற்பகல் 2:10

எங்க பக்கம் பாதிப் பேர் கேரளா கணக்கு, பாதி சென்னைக் கணக்கு. இந்த வருஷம் ரெண்டும் ஒண்ணாயிட்டதால கடையில புரோட்டா மாஸ்டருக்கு ஒரே லீவு. ஆனா பல வருஷம் கேரளா முந்திக்குதே, கோழிக்கோட்டுக்கும் சென்னைக்கும் அவ்வளவு தூரமா என்ன?

கீழக்கரை_மாலுமி | 3 மார்ச் 2025, இரவு 11:05

தூரம் காரணமே இல்லை. கோழிக்கோட்டுல சூரியன் சென்னையை விட இருபது நிமிஷம் போல பிந்தி அடையுது, அதுல பிறைக்குக் கிடைக்கிறது கால் பாகைகூட இல்லை. கோழிக்கோட்டுப் பக்கம் காப்பாடு கடற்கரையில போய் நின்னு பாருங்க, காரணம் தெரியும். சூரியன் நேரா தண்ணிக்குள்ள இறங்குது. மரம் கிடையாது, மாடி வீடு கிடையாது, கடைசி அரை பாகை வரைக்கும் வானம் திறந்து கிடக்கு. அடிக்கடி காப்பாட்டுலேர்ந்து சேதி வர்றது அதனாலதான். நமக்கு? நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, காயல்பட்டினம்னு கடலோரமா ஊர் வச்சும் கடல் கிழக்கே, இல்லாட்டி தெக்கே. பிறைக்காகக் கடற்கரைக்குப் போறவன் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கிட்டு, ஊரைப் பார்த்துல்ல நிக்கணும். மேக்கே பனையும் தென்னையும் செல்போன் டவரும். நெல்லை, தென்காசிப் பக்கம் மலையே மறிச்சுரும். அதனாலதான் மினாராவுக்கு ஏறுறது.

தொண்டி_தம்பி | 14 மார்ச் 2025, இரவு 9:30

காக்கா, மறுபடி நான்தான். காலண்டர்ல இன்னிக்குப் பவுர்ணமி. நமக்கு இன்னிக்கு நோன்பு 13, சவூதிக்கு 14. "பதினாலாம் பிறைதானே முழு நிலா, அப்ப அவங்க கணக்குதான் சரி"ன்னு தெருவில புதுசா ஆரம்பிச்சிருக்காங்க.

கீழக்கரை_மாலுமி | 14 மார்ச் 2025, இரவு 11:40

முழு நிலா இன்னிக்குப் பகல் 12:25க்கு ஆயிருச்சு. அந்த நேரத்துல அமெரிக்கா பக்கம் முழுச் சந்திர கிரகணம்கூட நடந்துச்சு, நமக்குப் பகல், தெரியாது. அமாவாசையிலேர்ந்து பவுர்ணமி வர 13 நாள் 22 மணி நேரமும் ஆகலாம், பதினஞ்சரை நாளும் ஆகலாம். இந்தத் தடவை 14 நாள் 6 மணி நேரம், சந்திரன் வேகமா ஓடுதுன்னு அன்னிக்கே சொன்னேனே. மாசத்தோட தலையை வானத்துல பார்த்துட்டு அதோட வயித்தை வச்சுத் திருத்தக் கூடாது. இப்ப ஊருக்குள்ள நிலாவைப் பார்த்துட்டு நோன்பு எண்ணுறதை விட்டுட்டு ஓதச் சொல்லுங்க.

தொண்டி_தம்பி | 29 மார்ச் 2025, இரவு 10:15

காக்கா, சவூதியில நாளைக்குப் பெருநாளாம்! மச்சான் தக்பீர் வீடியோ அனுப்பிட்டார். துபாய், கத்தார், குவைத்தும் நாளைக்கே. ஓமன் மட்டும் திங்கட்கிழமையாம். இன்னிக்குப் பகல்லதான் ஐரோப்பாவுல சூரிய கிரகணம்னு செய்தியில காட்டினாங்க. கிரகணமும் பிறையும் ஒரே நாள்ல எப்படி?

கீழக்கரை_மாலுமி | 29 மார்ச் 2025, இரவு 11:55

நல்ல இடத்துல கை வச்சிருக்கீங்க. சூரிய கிரகணம்னா அமாவாசை நடக்கிறதைக் கண்ணாலயே பார்க்கிறது. அட்டவணைப்படி இன்னிக்கு அமாவாசை நம்ம நேரம் மாலை 4:28. பகுதிக் கிரகணம் பூமியை விட்டு முழுசா விலகினது 6:13. நம்ம ஊர்ல சூரியன் அடைஞ்சது 6:25. அதாவது நாம நோன்பு திறக்கத் தட்டுல கஞ்சி ஊத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்தப்ப, பூமியோட வடக்கு ஓரத்துல சந்திரன் இன்னும் சூரியனை விட்டு நகர்ந்து முடிக்கலை. ரெண்டு மணி நேரம்கூட ஆகாத பிறை இது.

மக்காவில சூரியன் அடையறப்ப அதுக்கு நாலரை மணி நேர வயசு, இடைவெளி மூணு பாகை. ஷஃபான் கடைசியில பேசினப்ப "எட்டரை பாகை, இடமிருக்கு"ன்னேன். இன்னிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாலயும் சரி, வழக்கமான டெலஸ்கோப்பாலயும் சரி, இன்னிக்குச் சாயங்காலம் அரபு நாட்டுல அந்தப் பிறை தெரியக் கணக்குல வழியே இல்லை. அங்க சாட்சி வந்தது, ஏத்துக்கிட்டாங்க, அவங்க நாட்டுல இருக்கிறவங்க அவங்க தீர்ப்போட போறாங்க. மச்சானுக்குப் பெருநாள் வாழ்த்து சொல்லுங்க, "உனக்குச் சரியில்லை"ன்னு வம்புக்குப் போகாதீங்க. அங்க இருக்கிற ஒரு ஆளா அவர் தனியா நோன்பு வைக்க முடியுமா? ஆனா இந்த மண்ணுல நின்னுக்கிட்டு அந்தச் சாட்சியை வாங்கி நாளைக்குப் பெருநாள் கொண்டாடணும்னு யாராவது சொன்னா, சுப்கி இமாம் எழுதினதை அவங்களுக்குக் காட்டுங்க.

நாளைக்கு ஞாயிறு, நமக்கு நோன்பு 29. சாயங்காலம் பிறைக்கு வயசு 26 மணி நேரம். சூரியன் இறங்கின இடத்துக்கு வலப்பக்கம், ஒண்ணரை முஷ்டி உயரம். மேகம் மட்டும் இல்லாட்டி தெரியும். அப்பவும் பெருசாத்தான் இருக்கும், அப்பவும் ஒருத்தர் "ரெண்டாம் பிறை"ம்பார், தயாரா இருங்க.

ஏர்வாடி_உம்மு | 30 மார்ச் 2025, காலை 11:20

ஒரு அவசரக் கேள்வி. எங்க வீட்டுக்காரர் இங்க எங்ககூட 2ந்தேதி நோன்பு ஆரம்பிச்சார். 18ந்தேதி வேலைக்குத் துபாய் போயிட்டார். இன்னிக்கு அங்க பெருநாள். எண்ணிப் பார்த்தா அவருக்கு 28 நோன்புதான் ஆகுது. அவர் இன்னிக்கு நோன்பு வைக்கணுமா? பிரியாணி முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு போன் பண்றார்.

ஓதிக்கொடுப்பவன் | 30 மார்ச் 2025, காலை 11:45

இன்னைக்கு வைக்கக் கூடாதும்மா. அவர் இருக்கிற ஊர்ல பெருநாள், பெருநாள் அன்னைக்கு நோன்பு ஹராம். அவங்களோட தொழுதுட்டு பிரியாணியைச் சாப்பிடச் சொல்லுங்க. மாசம் 29க்குக் குறையாது, அதனால பெருநாளைக்கு அப்புறம் ஒரு நாள் களா (ஈடு நோன்பு) செஞ்சுரணும், 29 ஆயிரும். இதுக்கு நேர் எதிரா, அங்க 1ந்தேதி ஆரம்பிச்சுட்டு பெருநாளைக்கு ஊருக்கு வந்தவங்க இன்னைக்கு நம்மளோட வைப்பாங்க, அவங்களுக்கு 30. இன்னைக்குப் பிறை தெரியாம போனா அவங்களுக்கு 31 ஆகும். அப்பவும் ஊரோடதான் இருக்கணும்னுதான் நம்ம ஷாஃபிஈ கிதாபுகள்ல இருக்கு.

ஏர்வாடி_உம்மு | 30 மார்ச் 2025, பிற்பகல் 12:02

ஜஸாக்கல்லாஹ் ஹஜ்ரத். சொல்லிட்டேன். போனை வச்சுட்டார்.

தொண்டி_தம்பி | 30 மார்ச் 2025, இரவு 7:20

தெரிஞ்சுருச்சு! பள்ளியில நகரா அடிச்சாச்சு. நீங்க சொன்ன அதே உயரம் காக்கா, முஷ்டி வச்சு அளந்தேன். அண்டா பெரியவர் பக்கத்துலதான் நின்னார். "இதுவும் ரெண்டாம் பிறை"ன்னார். நான் கிரகணத்தைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, கண்ணு இருக்குல்ல"ன்னுட்டு ஃபித்ரா அரிசி அளக்கப் போயிட்டார்.

கீழக்கரை_மாலுமி | 31 மார்ச் 2025, மாலை 5:10

எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து. பேருவளைத் தங்கச்சிக்கு வட்டிலப்பம் நல்லா வந்திருக்கும்னு நம்புறேன்.

இன்னிக்கு ஷவ்வால் 1ன்னா, ஷவ்வால் 29 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. அன்னிக்கு அமாவாசை முடியறது நள்ளிரவு தாண்டி 1:01. மஃரிபுக்குப் பிறைக்கு வயசு 17 மணி நேரம், இடைவெளி ஒரு முஷ்டி கிட்ட. எல்லையில நிக்கிற பிறை, தெரிஞ்சாலும் தெரியும், தெரியாம போனாலும் போகும். எனக்குப் பிடிச்சது இந்த மாதிரிப் பிறைதான். தொண்டித் தம்பி, அன்னிக்கு வேலை இல்லாட்டி அஸருக்கே ஊருக்கு வந்துருங்க, தொலைநோக்கி என்கிட்ட இருக்கு. அண்டா பெரியவரையும் கூட்டிட்டு வாங்க. டார்ச் வேண்டாம்.